யாருக்கு எவ்வளவு? கனடாவில் மானியப் பட்டியல் வெளியில் வந்த கதை

எங்கட ஆக்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில், அது கலியாணவீடாக இருந்தாலென்ன செத்தவீடாக இருந்தாலென்ன, சங்கங்களைப் பற்றின கதை வராமல் போகாது. "அவங்களுக்கு அரசாங்கம் எவ்வளவோ குடுக்குதாம். எல்லாம் எங்க போகுதோ?" இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இல்லை. பதிலைத் தேடிப் பார்த்த ஆள்தான் குறைவு. கனடாவில் மத்திய அரசாங்கம் எந்த அமைப்புக்கு, எந்த ஆராய்ச்சிக்கு, எவ்வளவு குடுத்தது என்பது இன்றைக்குச் சட்டப்படி வெளியிட வேண்டிய விஷயம். ஆனால் எந்த அரசாங்கமும் மனம் உவந்து அந்தப் பட்டியலை வெளியில் விட்டதாக நான் காணவில்லை. பெரும்பாலும் ஏதாவது ஒரு குழப்பம் வந்து, பத்திரிகைகளில் நாறி, அதற்குப் பிறகுதான் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் இதில் எழுதுகிறேன். நான் ஏ.எல். உடன் படிப்பை விட்டவன். இரவு வேலை முடித்து வந்து நூலகத்தில் இருந்து வாசித்துச் சேர்த்ததுதான் இதில் உள்ளது.

முதலில் பழைய காலம். 1878 இல் கனடா தன்னுடைய முதலாவது சுயாதீனக் கணக்காய்வாளர் நாயகத்தை நியமித்தது. ஜோன் லோர்ன் மக்டூகல் என்பவர். அந்த நாளில் கணக்காய்வாளர் நாயகத்தின் வருடாந்த அறிக்கையில் அரசாங்கத்தின் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் பதியப்பட்டிருக்கும். சப்பாத்துக் கயிறு வேண்டினதும் இருக்கும், பாலம் கட்டக் குடுத்த ஒப்பந்தமும் இருக்கும். அரசாங்கம் சின்னதாக இருந்தபடியால் அப்படி எழுத முடிந்தது. பிறகு அரசாங்கம் பெருத்தது, எழுதுவது சுருங்கியது. இன்றைக்கும் வருடாவருடம் பாராளுமன்றத்தில் வைக்கப்படுகிற பொதுக் கணக்குகள் என்ற தொகுதிகளில் பெயர் போட்டு வருவது 100,000 டொலரும் அதற்கு மேலும் எடுத்தவர்கள் மட்டும்தான். அதற்குக் கீழே எடுத்தவர்கள் ஒரு மொத்தத் தொகைக்குள் அடங்கிப் போவார்கள். எங்களைப் போன்ற சின்னச் சங்கங்களின் இடம் அந்த மொத்தத்துக்குள்தான்.

சின்ன அமைப்புகளுக்கு நேரடியாகக் காசு குடுக்கிற வேலை 1971 இல் சூடுபிடித்தது. இளைஞர்களுக்கென்று ஒரு திட்டம், உள்ளூர் முயற்சிகளுக்கென்று இன்னொரு திட்டம் அந்த வருடம் தொடங்கப்பட்டன. அதே வருடம் ஒக்டோபர் 8 ஆம் திகதி பிரதமர் பியர் ட்ரூடோ பல்கலாசாரக் கொள்கையைப் பாராளுமன்றத்தில் அறிவித்தார். நாங்கள் ஒருவரும் வராத காலம் அது. ஆனால் பிறகு வந்த எங்களுக்கும் அதன் பயன் கிடைத்தது. 1992 இல் தொடங்கிய லிங்க் என்ற இலவச ஆங்கில வகுப்புக்கு எங்களில் எத்தனை பேர் போயிருப்போம். அந்த வகுப்பை நடத்துகிற நிறுவனங்களுக்குப் போவதும் இப்படியான காசுதான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லாவற்றையும் "கிரான்ட்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஒட்டாவாவின் கணக்கில் இது இரண்டு வகை. ஒன்று மானியம்: தகுதி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக் குடுத்துவிடுவது, பெரிதாகப் பிறகு கணக்குக் கேட்கமாட்டார்கள். மற்றது பங்களிப்பு: ஒப்பந்தம் எழுதி, நிபந்தனை போட்டு, பற்றுச்சீட்டுக் காட்டச் சொல்லி, வேண்டுமென்றால் வந்து கணக்கையும் பரிசோதிப்பது. சனம் நினைப்பது மாதிரி ஒரு பெட்டியைத் திறந்து அள்ளிக் குடுப்பதில்லை.

தகவல் பெறும் சட்டம் 1982 இல் நிறைவேறி 1983 யூலை 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அந்தத் திகதியை முதன்முதலில் வாசித்தபோது நான் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டேன். கனடாவில் ஒருவர் 5 டொலர் கட்டி அரசாங்கத்தின் கோப்பைக் கேட்கலாம் என்று வந்த அதே மாதத்தில்தான் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கட வீடுகளைத் தேடி வந்தார்கள். பட்டியல் என்றால் எங்கட மூத்த ஆக்களுக்கு இன்னும் நெஞ்சு பதறுவது அதனால்தான். சங்கத்தில் பெயர் முகவரி எழுதித் தரச் சொன்னால் பின்னுக்கு நிற்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இங்கே நான் எழுதுகிற பட்டியல் வேறை. அது காசு குடுத்த அரசாங்கத்தைக் கணக்குக் கேட்பதற்கான பட்டியல். சமூக உதவிப்பணம் எடுக்கிற தனி ஆளின் பெயர் அதில் வராது.

இனி 2000 ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்த ஜனவரி 19 ஆம் திகதி மனிதவள அபிவிருத்தித் திணைக்களம் தன்னுடைய உட்கணக்காய்வு ஒன்றை வெளியிட்டது. ஜேன் ஸ்ருவேர்ட் அமைச்சராக இருந்தார். வேலைவாய்ப்பு, பயிற்சி என்று குடுத்த காசுகளில் 459 கோப்புகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நூற்றுக்கு 15 கோப்பில் விண்ணப்பமே இல்லை. பத்தில் எட்டுக் கோப்பில் காசு எப்படிப் போனது என்று கண்காணித்ததற்கு அடையாளம் இல்லை. அந்தத் திட்டங்களின் மொத்தத் தொகை ஏறக்குறைய 1 பில்லியன் டொலர். அடுத்த நாளே பத்திரிகைகளில் ஒரு பில்லியன் டொலரைக் காணவில்லை என்ற மாதிரிக் கதை வந்துவிட்டது.

உண்மையில் கணக்காய்வு சொன்னது அதுவல்ல. கோப்புகள் ஒழுங்கில்லை என்றுதான் சொன்னது. கடைசியில் திருப்பி அறவிட வேண்டியதாக வந்த காசு, அந்தப் பில்லியனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாத அளவுக்குச் சின்னது. ஆனால் பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சிகள் விடவில்லை. எந்தத் தொகுதியில் யாருக்கு எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் ஆயிரக்கணக்கான பக்கங்களில் திட்டங்களின் விபரம் வெளியில் வந்தது. கொஞ்சமும் குடுக்கமாட்டோம் என்று நின்றால், பேந்து ஒரேயடியாகக் கொட்டத்தான் வேண்டிவரும்.

அதற்குப் பிறகு கட்டுப்பாடுகள் இறுகின. பெரிய நிறுவனங்கள் கணக்காளரை வைத்துச் சமாளித்தன. இரண்டு பேர் பின்னேரத்தில் வந்து நடத்துகிற சின்ன அமைப்புகள் படிவம் நிரப்பியே களைத்துப் போயின. 2006 இல் அரசாங்கமே ஒரு சுயாதீனக் குழுவைப் போட்டு இதை ஆராயச் சொன்னது. அந்தக் குழுவில் ஒருவர் பிரான்சிஸ் லாங்கின், ஒன்ராறியோவில் முந்தி அமைச்சராக இருந்தவர். ஆபத்து எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் விதி இருக்க வேண்டும், சின்னத் தொகைக்கும் பெரிய தொகைக்கும் ஒரே பாரத்தை ஏற்றக்கூடாது என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். பொருளாளராக ஒரு வருடம் இருந்து பார்த்த எவரும் இதற்குக் கையெழுத்து வைப்பார்.

பட்டியலைப் பிழையாக வாசிக்கிற ஆபத்து ஆராய்ச்சிக்காரருக்கு இன்னும் கூட. அமெரிக்காவில் வில்லியம் ப்ரொக்ஸ்மயர் என்ற செனட்டர் 1975 தொடக்கம் 1988 வரை, வீண்செலவு என்று தான் நினைத்தவற்றுக்கு மாதாமாதம் ஒரு கேலிப் பரிசு அறிவித்தார். முதல் பரிசு, மனிதர் ஏன் காதல் கொள்கிறார்கள் என்று ஆராய 84,000 டொலர் குடுத்ததற்கு. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. குரங்குகள் பல்லைக் கடிப்பதை ஆராய்ந்த ரொனால்ட் ஹட்சின்சன் என்பவர் மட்டும் சும்மா இருக்காமல் வழக்குப் போட்டார். குரங்கு பல்லைக் கடித்தால் எங்களுக்கென்ன என்று கேட்கலாம். அவர் பார்த்தது ஆத்திரத்தையும் மன அழுத்தத்தையும், விண்வெளிக்கும் கடலுக்கு அடியிலும் ஆட்களை அனுப்புகிறவர்களுக்கு வேண்டிய விஷயம். 1979 இல் அமெரிக்க உயர்நீதிமன்றம், செனட்டர் வெளியில் விட்ட அறிக்கைக்கும் கடிதத்துக்கும் சபைப் பேச்சுக்குரிய பாதுகாப்பு இல்லை என்று தீர்த்தது. பொதுப்பணம் எடுத்தார் என்பதற்காக மட்டும் ஒருவர் பொது மனிதர் ஆகிவிடமாட்டார் என்றும் சொன்னது. செனட்டர் 10,000 டொலர் குடுத்துச் சமாதானமாகப் போனார். தலைப்பையும் தொகையையும் மட்டும் வைத்து ஆளை எடைபோடுவது எங்கட கலியாணவீட்டுக் கதைகளிலும் நடக்கிறதுதான்.

மறுபடி கனடா. 1995 கியூபெக் வாக்கெடுப்புக்குப் பிறகு, கனடாவின் பெயரை அங்கே விளம்பரப்படுத்த என்று மத்திய அரசாங்கம் ஒரு அனுசரணைத் திட்டம் நடத்தியது. குளோப் அன்ட் மெயில் பத்திரிகையின் டானியல் லெப்லான் தகவல் சட்டத்தின் கீழ் கேட்டுக் கேட்டுக் கிண்டினார். 2004 பெப்ரவரி 10 ஆம் திகதி கணக்காய்வாளர் நாயகம் ஷீலா பிரேசரின் அறிக்கை வந்தது. 250 மில்லியன் டொலர் திட்டத்தில் 100 மில்லியனுக்கு மேல் விளம்பர நிறுவனங்களுக்குக் கட்டணமாகவும் தரகாகவும் போயிருக்கிறது. இதுதான் உண்மையான கொள்ளை. இந்தச் சூட்டில்தான் அரசாங்கம் தானாகவே வெளியிடுவது என்ற முறை வந்தது. அமைச்சர்களின் பயணச் செலவு, பிறகு ஒப்பந்தங்கள், 2005 இல் 25,000 டொலருக்கு மேற்பட்ட மானியங்களும் பங்களிப்புகளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெயர், ஊர், தொகை, நோக்கம் எல்லாம் போட்டு.

இனி வருவதுதான் எங்களைப் போன்றவர்களுக்குக் கிட்டின கதை. இது ஒட்டாவா அல்ல, ஒன்ராறியோ. மாகாணக் குடியுரிமை, குடிவரவு அமைச்சு 2005-06, 2006-07 நிதியாண்டுகளின் முடிவில் குடியேறிகளின் அமைப்புகளுக்கு 32 மில்லியன் டொலரளவில் குடுத்தது. நிதியாண்டு மார்ச் 31 இல் முடியும், அதற்கு முதல் குடுத்து முடிக்க வேண்டிய காசு. 2007 இல் சட்டசபையில் எதிர்க்கட்சிகள் கேள்வி மேல் கேள்வி கேட்க, முதலமைச்சர் டால்ரன் மக்கின்ரி மாகாணக் கணக்காய்வாளர் நாயகம் ஜிம் மக்கார்ட்டரைப் பார்க்கச் சொன்னார். யூலை கடைசியில் அறிக்கை வந்தது. அமைச்சர் மைக் கொல் அன்றைக்கே பதவியை விட்டார்.

அந்த அறிக்கையில் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிற உதாரணம் கிரிக்கெட். ஒன்ராறியோ கிரிக்கெட் சங்கம் கேட்டது 150,000 டொலர், கிடைத்தது 1 மில்லியன். கேட்டதைவிட ஆறு மடங்குக்கு மேல். நாங்கள் கேட்டால் பாதியாவது வராதோ என்று ஏங்குகிறவர்கள், இதை வாசித்தால் சிரிப்பதா அழுவதா? சங்கத்தைத் திட்டிப் பிரயோசனமில்லை, வருகிற காசை எந்தச் சங்கம் வேண்டாம் என்று சொல்லும். பிழை குடுத்த முறையில். விளம்பரம் இல்லை, ஒழுங்கான விண்ணப்ப முறை இல்லை, இன்னாருக்கு இன்ன காரணத்துக்காக என்ற அளவுகோல் இல்லை. விண்ணப்பத்தை வைத்து அல்ல, கதைபேச்சை வைத்துக் குடுத்திருக்கிறார்கள். அமைச்சரின் ஆட்களோடு கதைக்கக் கூடியவர் கதைத்தார், அவருக்குக் கிடைத்தது. மற்றவர்களுக்கு அப்படி ஒரு காசு இருக்கிறது என்றே தெரியாது.

இதில் இரண்டு விதமாக அடிபட்டது குடியேறிகள்தான். கேட்கத் தெரியாத புதிய சமூகங்களுக்கு, கட்சிக் கூட்டங்களில் ஆள் இல்லாத அகதிகளின் அமைப்புகளுக்கு அந்தக் காசு போகவில்லை. பிறகு பத்திரிகையில் வந்தபோது, "குடியேறிகளுக்கு அள்ளிக் குடுத்தார்கள்" என்ற பெயர் மட்டும் எல்லாருக்கும் பொதுவாக வந்தது. ஒழுங்காகக் காசு எடுத்து ஒழுங்காகச் செலவழித்தவர்களும் அந்தப் பெயருக்குள்தான். நியாயமான சங்கம் ஒன்றுக்கு இருந்த ஒரே துணை, தன்னுடைய கணக்கை எடுத்துக் காட்டக்கூடியதாக இருந்ததுதான்.

ஊரில் சனசமூக நிலையத்துப் பொதுக்கூட்டம் என்றால் தனாதிகாரி எழும்பிக் கணக்கறிக்கை வாசிப்பார். பத்திரிகை வேண்டின காசு, பெற்றோல்மாக்ஸ் திருத்தின காசு எல்லாம் வரும். சண்டையும் அதிலதான் தொடங்கும். ஆனாலும் வாசிக்காமல் விடமாட்டார்கள்.

2019 யூனில் தகவல் பெறும் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரைக்கும் அரசாங்கத்தின் கொள்கையாக மட்டும் இருந்த 25,000 டொலருக்கு மேற்பட்ட மானியப் பட்டியல் அதோடு சட்டக் கடமையாயிற்று. அடுத்து வாற அரசாங்கம் தன் பாட்டில் நிறுத்த ஏலாது. நூலகக் கணினியில் இருந்து ஒரு சதமும் கட்டாமல் ஊரைப் போட்டோ அமைப்பின் பெயரைப் போட்டோ தேடலாம்.

குறை இல்லை என்று சொல்லவில்லை. கிடைத்தவர்களின் பெயர் வருகிறது, கேட்டும் கிடைக்காதவர்களின் பெயர் வருவதில்லை. 2007 இல் மக்கார்ட்டர் கண்டுபிடித்த பிழை காசு போன பிறகு வெளியிடுகிற பட்டியலால் மட்டும் தீராது. காசு இருக்கிறது, இன்ன திகதிக்குள் கேளுங்கோ என்று முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்ல வேண்டும். அந்த அறிவித்தலைப் பார்த்து எங்களுக்குச் சொல்ல, படிவம் நிரப்பத் தெரிந்த பிள்ளைகள் இப்போது எங்களிட்டை இருக்கிறார்கள். அவர்களை இந்த வருடம் நிர்வாகசபைக்குக் கூப்பிட வேண்டும்.

நான் அந்தப் பட்டியலில் முதல் தேடிப் பார்த்தது எங்கட சங்கத்தின் பெயரைத்தான். வரவில்லை. நாங்கள் எடுத்தது நகரசபையின் சின்னத் தொகை, அது வேறை பட்டியல்.