நீமாவின் பென்சில்

எவரெஸ்ட் வெல்லப்பட்ட கதை இம்மலரைக் கையில் எடுப்போர் எல்லாரும் அறிந்தது. மலையேற்ற அன்பர்கள் கூடி எடுக்கும் விழாவில் கும்பு பனியருவியையும் தெற்குக் கணவாயையும் மறுபடி விவரிப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். உச்சியில் முதலடி வைத்தவர் யார் என்ற பழைய வழக்கும் இங்கே வேண்டாம். டென்சிங் நோர்கேயின் நினைவைப் போற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்பதே விழாக் குழுவினரின் பணிப்பு. அதிகம் எழுதப்படாத தகப்பன் டென்சிங்கை முன்னிறுத்துவதுதான் அப்பெருமகனுக்குச் செய்யும் தக்க மரியாதை.

பெயரிலிருந்து தொடங்கலாம். பெற்றோர் இட்ட பெயர் நம்கியால் வாங்டி. ரோங்புக் மடத்தின் தலைமை லாமாவின் சொற்படி மாற்றி வைக்கப்பட்டதே டென்சிங் நோர்கே. சமயத்தைத் தாங்கி நிற்பவர், நற்பேறு உடையவர் என்று அதற்குப் பொருள். பிறந்த நாளை யாரும் குறித்து வைக்கவில்லை; 1953க்குப் பிறகு மே 29-ஐயே தம் பிறந்த நாளாக வரித்துக்கொண்டார். பல மொழிகள் பேசுவார். எழுதப் படிக்கத் தெரியாது. அவர் வாய்மொழியாகச் சொன்ன வாழ்க்கை வரலாற்றை ஜேம்ஸ் ராம்சே உல்மன் எழுதி, 1955-ல் நூலாக வந்தது. எவரெஸ்டுக்குப் பிந்தைய வாழ்வையும் பயணங்களையும் சொல்லும் இரண்டாம் நூல் மால்கம் பார்ன்ஸின் எழுத்தில் 1977-ல் வெளிவந்தது. முதல் நூலைப் பிள்ளை வளர்த்தவர்கள் படித்தால், பனிமலைப் பகுதிகளைவிட வேறு சில பக்கங்களே மனத்தைப் பிடித்து நிறுத்தும்.

அவற்றுள் ஒன்று சித்ரால் பக்கம். 1939-ல் நான்கு வயது மகனைப் பறிகொடுத்தார் டென்சிங். போர்க்காலத்தில் வடமேற்கு எல்லையிலுள்ள சித்ராலில், ஓர் ஆங்கில ராணுவ அதிகாரியிடம் வேலை பார்த்துவந்தபோது, 1944-ல் மனைவி தாவா புட்டியும் இறந்தார். எஞ்சியவர்கள் பெம் பெம், நீமா என்ற இரண்டு சிறுமிகள். அவர்களை அழைத்துக்கொண்டு அன்றைய இந்தியாவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடியில் உள்ள டார்ஜிலிங்குக்குப் புறப்பட்டார். ரயில்களில் ராணுவக் கூட்டம் நெரிந்த காலம் அது. அதிகாரி கொடுத்த பழைய சீருடையை அணிந்துகொண்டதால் யாரும் தடுக்கவில்லை. தாயில்லாப் பிள்ளைகளோடு ஊர் வந்து சேர்ந்தார். எந்தச் சாதனைப் பட்டியலிலும் ஏறாத இந்தப் பயணத்தை அவருடைய மலைப்பயணங்களோடு ஒருசேர வைத்தே எண்ண வேண்டும். பின்னர் மணந்த ஆங் லாமு அவ்விரு பெண்களையும் பெற்ற தாயாகவே வளர்த்தார். டென்சிங் மலைமேல் இருந்த மாதங்களில் வேலை செய்து வீட்டைத் தாங்கியவரும் அவரே.

மலைகளோ அவரை விடவில்லை. 1948-ல் இத்தாலிய அறிஞர் ஜுசெப்பே தூச்சியுடன் திபெத்துக்குப் போய்ப் பழஞ்சுவடிகள் தேடும் பணியில் துணை நின்றார். 1951-ல் நந்தாதேவி கிழக்குச் சிகரம். 1952 மே மாதம் சுவிஸ் நாட்டு ரேமோன் லாம்பெருடன் எவரெஸ்டில் ஏறத்தாழ 8,600 மீட்டர் வரை சென்று திரும்பினார். 1953-ல் சென்றது அவருக்கு ஏழாவது எவரெஸ்ட் பயணம்.

இனி, பெற்றோர் கடமையைப் பற்றிப் பௌத்த சமய நூல் ஒன்று சொல்வதைப் பார்க்கலாம். ராஜகிருகத்து இளைஞன் சிகாலன் ஈர உடையோடு ஆறு திசைகளையும் வணங்கி நிற்கிறான். புத்தர் பெருமான் அவனைக் கண்டு, கிழக்குத் திசை என்பது தாய் தந்தையரே என விளக்குகிறார். தீக நிகாயத்தில் உள்ள சிகாலோவாத சூத்திரம் இது. இல்லறத்தாரின் விநயம் என்று பௌத்தர்கள் போற்றுவது. பிள்ளைகளுக்குப் பெற்றோர் செய்யவேண்டியவை ஐந்து என அது வகுக்கிறது: தீமையிலிருந்து விலக்குதல், நன்மையில் நிறுத்துதல், தொழில் பயிற்றுதல், தக்க இடத்தில் மணம் முடித்தல், உரிய காலத்தில் உடைமையை ஒப்படைத்தல்.

இவற்றுள் மூன்றாவது கடமையை டென்சிங் நிறைவேற்றிய விதம் நின்று சிந்திக்கத் தக்கது. ஷெர்பாவின் தொழில் மலைமேல் சுமை தூக்குவது. அதற்குக் கொடுக்கும் விலையையும் அம்மக்கள் அறிவார்கள். 1922-ல் எவரெஸ்ட் பனிச்சரிவு ஒன்றே ஏழு சுமையாளர்களின் உயிரைக் கொண்டுபோயிற்று. 1954-ல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்ற நிறுவனம் தொடங்கியபோது களப் பயிற்சி இயக்குநராகப் பொறுப்பேற்று, அந்தத் தொழிலை ஊரார் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். தம் பிள்ளைகளுக்கு அவர் தந்தது தமக்குக் கிட்டாத பள்ளிக்கூடம். பின்னாளில் பிறந்த மகன் ஜாம்லிங் பள்ளிப் படிப்பு முடிந்ததும் எவரெஸ்ட் குழுவில் சேர அனுமதி கேட்டபோது மறுத்துவிட்டார். பிள்ளைகள் ஏற வேண்டாம் என்பதற்காகவே தாம் ஏறியதாகச் சொன்னார். மகன் படிக்கப் போனது அமெரிக்கக் கல்லூரிக்கு.

மகள்களையும் உலகம் பார்க்க வைத்தார். 1953 கோடையில் ரோம், சூரிச், லண்டன் என்று போன விமானப் பயணத்தில் ஆங் லாமுவும் பெம் பெம்மும் நீமாவும் உடன் சென்றார்கள். புறப்படுமுன் டெல்லியில் பிரதமர் நேரு தம் அலமாரியைத் திறந்து உடைகள் எடுத்துக் கொடுத்தார். வெள்ளைக் குல்லாய் மட்டும் தரவில்லை. அதில் அரசியல் இருக்கிறது என்றார்.

இப்போது உச்சிக்கு வரலாம். 1953 மே 29, முற்பகல் 11.30. ஐக்கிய நாடுகள், பிரிட்டன், நேபாளம், இந்தியா ஆகிய நான்கு கொடிகள் பனிக்கோடரியில் பறந்தன. லாம்பெர் தந்த சிவப்புக் கழுத்துத்துணி டென்சிங்கின் கழுத்தில். தெய்வத்துக்குப் படையலாக இனிப்புகளைப் பனியில் புதைத்தார். அவற்றோடு சிவப்பும் நீலமுமான ஒரு துண்டுப் பென்சிலையும் வைத்தார். இளைய மகள் நீமா தன் காணிக்கையாகக் கொடுத்தனுப்பியது அது. சோற்றைப் பிசைந்து சிந்தும் குழந்தையின் சிறு கைக்கு முன் அரச செல்வமும் சிறிதென்று பாண்டியன் அறிவுடைநம்பி பாடியது புறநானூற்றில் 188ஆம் பாட்டு. அந்த நான்கு கொடிகளோடு நீமாவின் பென்சிலுக்கும் சம இடம் கொடுத்த தகப்பனை அப்பாண்டியன் அறிந்திருந்தால் தன் இனம் என்று தழுவியிருப்பான்.

டென்சிங் 1986 மே 9 அன்று மறைந்தார். பத்து ஆண்டு கழித்து, 1996 மே 23 அன்று ஜாம்லிங் அதே உச்சியில் நின்றார். பெற்றோர் படத்தையும் தம் சிறு மகளின் விளையாட்டுப் பொருளையும் அங்கே வைத்தார்.

இமயத்துக்கு நடைப்பயணம் போகும் இளைஞர்கள் டார்ஜிலிங் சென்றால், மலையேற்ற நிறுவன வளாகத்தில் டென்சிங்கின் உடல் எரியூட்டப்பட்ட இடத்தை வணங்கிவிட்டு வாருங்கள். மலையில் உங்கள் மூட்டையைச் சுமந்து முன்னே நடப்பவரிடம் அவருடைய பிள்ளைகளின் பெயரைக் கேளுங்கள். எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பள்ளிக் கட்டணத்துக்கு உங்களால் ஆனதைச் செய்யுங்கள்.