கந்தப்பளைக்கு ஒன்பது கேள்விக்குறி

இலங்கையில் உள்ள கந்தப்பளை என்ற ஊரின் பெயரில் எழுத்து ஆறு. யூனிகோடில் அதற்குக் குறியீடு ஒன்பது: க, ந, புள்ளி, த, ப, புள்ளி, ப, ள, ஐகாரக் குறி. விண்டோஸ் 98 காலத்து எடிட்டரை எக்ஸ்பியில் போட்டு, இந்தப் பெயருள்ள கோப்பைத் திறக்கப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது ஒன்பது கேள்விக்குறிகள்தான். 'அப்படியொரு கோப்பு இல்லை' என்று எடிட்டர் கை விரிக்கும். கோப்போ கண்ணெதிரே டெஸ்க்டொப்பில் கிடக்கும்.

அதற்கு முன்பு இந்தத் தொல்லையே கிடையாது, ஏனென்றால் தமிழில் பெயர் வைக்கவே வழியில்லை. 1990களில் இலங்கைத் தமிழர் கைக்குப் பழகியது பாமினி எழுத்துரு. அதில் கந்தப்பளை என்று அடிக்க எஃப், ஈ, அரைப்புள்ளி, ஜே, ஜி, அரைப்புள்ளி, ஜி, ஐ, எஸ் என்று விசைகளைத் தட்ட வேண்டும். கணினி சேமித்ததும் அந்த ஆங்கில எழுத்துகளைத்தான். பாமினி அவற்றுக்குத் தமிழ் வேடம் போட்டது. வேடம் கோப்புக்குள்ளே மட்டும். வேர்ட் முதல் வரியையே பெயராக முன்மொழியும். கவனிக்காமல் 'சேவ்' கொடுத்தால் வெளியே வேடம் கலைந்த ஆங்கிலக் குப்பை நிற்கும். ஆகவே வினாத்தாளோ மரண அறிவித்தலோ, உள்ளே தமிழ், மேலே ஆங்கிலப் பெயர் என்பதே வழக்கமாயிற்று. பார்க், கொன்கோடியா, கோர்ட்லோஜ் என்று தோட்டப் பெயர்களே ஆங்கிலமாக இருக்கும் ஊரில் இது பெரிதாக உறுத்தியிருக்காது.

சென்னையில் 1999இல் நடந்த தமிழிணைய மாநாடு டாம், டாப் என இரு குறியேற்றங்களை முன்வைத்தது. இலங்கை பாமினியை விடவில்லை.

இதில் வேடிக்கை, வட்டு எப்போதோ தயாராக இருந்ததுதான். யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. 1993இல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, கோப்புப் பெயர்களை யூனிகோடிலேயே வைத்தது. தமிழைத் திரையில் காட்டும் வசதி விண்டோஸ் 2000இல்தான் வந்தது. எடிட்டர்கள் அதற்கும் பின்னால் நின்றன.

காரணம், விண்டோஸில் கோப்பைக் கேட்க இரண்டு வாசல். ஒன்று யூனிகோட் வாசல். மற்றது விண்டோஸ் 98க்கும் சேர்த்து எழுதிய நிரல்கள் பயன்படுத்திய பழைய வாசல். பழைய வாசலில் அந்தந்த மொழிக்கான குறியீட்டுப் பக்கம் வேண்டும். ரஷ்ய மொழிக்கு, ஜப்பானியத்துக்கு, தாய்லாந்து மொழிக்குக்கூட அது இருந்தது. தமிழுக்கும் சிங்களத்துக்கும் மைக்ரோசாஃப்ட் அப்படியொன்றை ஒதுக்கவே இல்லை. தெரியாத ஒவ்வொரு குறியீடும் கேள்விக்குறியாக மாறியது. கேள்விக்குறியோ விண்டோஸ் கோப்புப் பெயரில் வரவே கூடாத குறி. பிறகு எப்படித் திறக்கும்? வசதிகள் குவிந்த எடிட்டர்கள் இதில் சறுக்க, ஒன்றுமில்லாத நோட்பேட் யூனிகோட் வாசலால் போய் அதே கோப்பைச் சாதாரணமாகத் திறந்தது.

விவரம் தெரிந்தவர்கள் குறுக்கு வழி வைத்திருந்தார்கள். டொஸ் காலத்து வழக்கப்படி விண்டோஸ் ஒவ்வொரு நீண்ட பெயருக்கும் எட்டு எழுத்துக்குள் ஒரு குறும்பெயரும் வைக்கும். கட்டளைத் திரையில் 'டிர் ஸ்லாஷ் எக்ஸ்' என்று அடித்தால், எண்ணும் எழுத்தும் அலைக்குறியும் கலந்த அந்தப் பெயர் தெரியும். அதைக் கொடுத்தால் பழைய எடிட்டரும் பணியும். மற்றவர்கள் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றித் திருத்திவிட்டு மறுபடி தமிழாக்கினார்கள்.

ஈமேக்ஸ் எடிட்டர் 2014இல், 24.4 பதிப்பில்தான் விண்டோஸில் இந்தக் கேள்விக்குறிக் கோளாறைச் சரிசெய்தது. 2019இல் விண்டோஸ் 10, செயலி விரும்பினால் பழைய வாசலிலேயே யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவை அனுமதித்தது.

லினக்ஸில் கேள்விக்குறித் தொல்லை குறைவு, நீளம்தான் இடிக்கும். அதன் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். 85 குறியீட்டோடு இடம் தீர்ந்துவிடும். சுற்றறிக்கைத் தலைப்பை அப்படியே பெயராக வைத்தால் பாதி வழியில் நிற்கும்.

ஆப்பிள் கணினியில் கதை வேறு. 1998இல் வந்த எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, 'கொ'வின் கொம்பையும் காலையும் பிரித்து இரண்டு குறியீடாகவே சேமித்தது. கந்தப்பளை, ராகலை, தலவாக்கலை தப்பின. கொத்மலை, பொகவந்தலாவை, நோர்வூட் சிக்கின. அங்கிருந்து வந்த 'கொத்மலை' கோப்பை விண்டோஸில் அடித்துத் தேடினால் அகப்படாமல் போகலாம். 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ், கொடுத்த வடிவத்தையே காக்கிறது. ஆனால் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே ஃபோல்டரில் இரண்டு கொத்மலைகள் இன்றும் அருகருகே இருக்க முடியும்; ஒன்றை அழிக்கும் முன் இரண்டையும் திறந்து பார்த்துவிட வேண்டும்.