புனித செபஸ்தியார்

உரோமைப் பேரரசர் தியோக்ளேசியன் காலத்தில் (284–305) உயிர்நீத்த மறைசாட்சி. கொள்ளைநோய்க் காலத்துப் பாதுகாவலர். திருநாள் சனவரி 20.

இவரைப் பற்றிய மிகப் பழைய சான்று மிகச் சிறியது. 354ஆம் ஆண்டின் உரோமை நாட்காட்டித் தொகுப்பு, இவர் பெயரையும் திருநாளையும் ஆப்பியா நெடுஞ்சாலையிலுள்ள கல்லறையையும் சொல்வதோடு நின்றுவிடுகிறது. மிலான் ஆயர் புனித அம்புரோசியார், செபஸ்தியார் மிலான் நகரத்தவர், உரோமைக்குப் போய் அங்கே சாட்சியாக இறந்தார் என்று எழுதினார்.

மற்ற விவரமெல்லாம் 5ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பாடுகளின் வரலாறு தருவது. அதை முழுதும் வரலாறாகக் கொள்ள முடியாது. அதன்படி இவர் அரசரின் காவற்படை அதிகாரி. சிறையில் வாடிய கிறிஸ்தவர்களுக்கு மறைவில் துணைநின்றவர். உண்மை வெளிப்பட்டதும் கட்டிவைத்து அம்பெய்தார்கள். இறந்துவிட்டார் என்று எண்ணி உடலை எடுக்க வந்த இரேன் என்ற கைம்பெண், மூச்சிருப்பதைக் கண்டு தம் வீட்டில் வைத்துக் காயங்களை ஆற்றினார். குணமானவர் ஊரைவிட்டு ஓடவில்லை. அரசரை வழிமறித்து, அவர் செய்யும் கொடுமையை முகத்துக்கு நேரே கண்டித்தார். தடியால் அடித்துக் கொன்று, உடலைப் பெருஞ்சாக்கடையில் வீசினார்கள். அம்புகளால் அவர் சாகவில்லை என்பதைப் படங்களில் மட்டும் அவரை அறிந்தவர்கள் கவனிப்பதில்லை. உயிர்பிழைத்த பிறகு திரும்பிப் போன அந்தத் துணிவே அவர் வாழ்வின் உச்சம்.

ஆயினும் பக்தி அம்பைச் சுற்றியே வளர்ந்தது. எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தாக்கும் நோயைத் தெய்வம் எய்த அம்பாகக் காண்பது ஹோமர் காலத்திலிருந்தே இருந்த வழக்கம்; அம்புக்குத் தப்பியவரிடம் மக்கள் அடைக்கலம் தேடினார்கள். 680ஐ ஒட்டி வட இத்தாலியின் பாவியா நகரில் கொள்ளைநோய் பரவியபோது, அவருடைய திருப்பண்டங்களை உரோமையிலிருந்து வரவழைத்துப் பீடம் எழுப்பியதும் நோய் தணிந்ததாக லொம்பார்டியர் வரலாற்றில் பவுல் என்ற திருத்தொண்டர் குறிப்பிடுகிறார். 1348இன் பெருங்கொள்ளைநோய்க்குப் பிறகு ஐரோப்பா எங்கும் அவர் பெயரில் பீடங்கள் எழுந்தன.

உருவமும் மாறியது. உரோமையில், சங்கிலிகளின் புனித பேதுரு ஆலயத்திலுள்ள 7ஆம் நூற்றாண்டுப் பதிகல் ஓவியத்தில் அவர் நரைத்த தாடியுடைய முதியவர், அம்பே இல்லை. 15ஆம் நூற்றாண்டில் ஓவியர்கள் மாந்தேனியாவும் அந்தோனெல்லோவும் அவரை அம்பு தைத்த இளைஞராக்கினார்கள். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் த லா தூர், காயமுற்றவரைப் பேணும் இரேனைத் தீட்டினார். நோயாளியைத் தொடவே அஞ்சிய காலத்தில் அது பெரிய காரியம்.

கேரளத்தில் அவர் பெயரால் அம்பு நேர்ச்சையும் அம்புப் பவனியும் இன்றும் நடக்கின்றன. ஆலப்புழை மாவட்டத்து அர்த்துங்கல் ஆலயத்தில் சபரிமலை சென்று திரும்பும் ஐயப்ப பக்தர்கள் பலர் செபஸ்தியாரை வணங்கி, அங்கேயே மாலையைக் கழற்றுகிறார்கள்.