'சுபேதார்' என்றால் அதிகாரியா, சிப்பாயா? 26 பேருக்கு ஒரு அதிகாரி... ராணுவக் கணக்கு இதுதான்!

2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஈட்டி எறிந்து தங்கம் வென்றபோது, 'சுபேதார் நீரஜ் சோப்ரா' என்றுதான் ராணுவம் அவரைக் குறிப்பிட்டது. சரி, சுபேதார் என்பவர் அதிகாரியா, சிப்பாயா? ரெண்டும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்.

நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் ஆகிய இந்த மூவருக்கும் பொதுப்பெயர் ஜே.சி.ஓ. விளையாட்டு வீரர்கள், மத ஆசிரியர்கள் போன்ற சிலர் நேரடியாகவே இந்தப் பதவியில் சேர்கிறார்கள். நீரஜும் அப்படி 2016-ல் நாயிப் சுபேதாராகச் சேர்ந்தவர்தான். மற்றபடி சிப்பாயாகச் சேர்ந்து லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் என்று ஒவ்வொரு படியாக ஏறித்தான் இங்கு வர முடியும்.

இவர்கள் ஏன் இவ்வளவு முக்கியம்? கணக்கைப் பாருங்கள். 2024 ஜூலை 1 நிலவரப்படி, ராணுவத்தில் இருக்க வேண்டிய அதிகாரிகள் 50,538 பேர். இருந்ததோ 42,095 பேர்தான். மருத்துவம், செவிலியர் பிரிவுகள் இதில் சேராது. அதே ஆண்டு அக்டோபர் 1 நிலவரப்படி ஜே.சி.ஓ.க்களும் அதற்குக் கீழுள்ள வீரர்களும் சேர்ந்து 11,05,110 பேர். நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் தரப்பட்ட விவரம் இது. வகுத்தால், ஒரு அதிகாரிக்குச் சுமார் 26 பேர். அமெரிக்க ராணுவத்தில் நாலைந்து பேருக்கு ஒரு அதிகாரி!

உடனே பதற வேண்டாம். அமெரிக்காவில் சுமார் 30, 40 பேர் கொண்ட பிளட்டூனுக்குத் தலைமை தாங்குவது இளம் லெப்டினன்ட். இங்கே அந்த வேலையைப் பெரும்பாலும் பார்ப்பது ஜே.சி.ஓ.தான். அதனால்தான் குறைவான அதிகாரிகளை வைத்தும் வண்டி ஓடுகிறது.

இது வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. மேலே பிரிட்டிஷ் அதிகாரி, கீழே இந்தியச் சிப்பாய். ஒருவர் மொழி இன்னொருவருக்குப் புரியாது. இடையில் நின்று பேச ஆள் தேவைப்பட்டது. 'வைஸ்ராய் கமிஷன்' பெற்ற அந்த இந்தியர்கள்தான் சுதந்திரத்துக்குப் பிறகு ஜே.சி.ஓ. ஆனார்கள். மொழிச் சிக்கல் தீர்ந்தும் பதவி நிலைத்துவிட்டது. 22 வயது லெப்டினன்டுக்கு 45 வயது சுபேதார் சல்யூட் அடிப்பார். ஆனால் அந்த லெப்டினன்ட் அவரை 'சாஹப்' என்றுதான் கூப்பிடுவார்.

போர்க்களத்திலும் இதைப் பார்க்கலாம். 1962 சீனப் போரில் தவாங் பகுதியில் தன் பிளட்டூனோடு கடைசிவரை நின்று பரம்வீர் சக்ரா பெற்ற ஜோகிந்தர் சிங் ஒரு சுபேதார். 1987-ல் சியாச்சினில் பாகிஸ்தான் வசமிருந்த சிகரத்தைப் பிடித்த பாணா சிங் ஒரு நாயிப் சுபேதார். கார்கிலில் வழங்கப்பட்ட 4 பரம்வீர் சக்ராக்களில் 2 அதிகாரிகளுக்கு, 2 சாதாரண வீரர்களுக்கு.

அப்போ பிரச்னை என்ன?

ஒன்று, அந்தக் குறைவான அதிகாரி இடங்களிலேயே 6-ல் ஒன்று காலி. அந்தச் சுமை இருக்கும் அதிகாரிகள் மீதும் ஜே.சி.ஓ.க்கள் மீதும்தான் விழுகிறது. அதற்காக அதிகாரிகளை அள்ளிச் சேர்க்கவும் முடியாது. மேலே போகப் போக இடம் குறைவு. எல்லோரும் கர்னல், பிரிகேடியர் ஆக முடியாது. சென்னை பரங்கிமலையில் பயிற்சி தரப்படும் 10 வருஷ 'ஷார்ட் சர்வீஸ்' கமிஷன் இதைச் சமாளிக்கும் வழிகளில் ஒன்று.

இன்னொன்று, பணம். ராணுவப் பணிக்கென்றே தரப்படும் மாதப்படி அதிகாரிக்கு 15,500 ரூபாய். ஜே.சி.ஓ.வுக்கும் சிப்பாய்க்கும் 5,200 ரூபாய், அதாவது மூன்றில் ஒரு பங்கு. அடிப்படைச் சம்பளம் பதவிக்கேற்ப மாறுவது சரி, ஆனால் எல்லையில் குளிரும் குண்டும் எல்லோருக்கும் ஒண்ணுதானே என்பது முன்னாள் வீரர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான். இதையும் ஓய்வூதியக் குறைகளையும் முன்வைத்து 2023-ல் டெல்லி ஜந்தர் மந்தரில் அவர்கள் போராட்டமே நடத்தினார்கள்.

மேலே ஏற வழியே இல்லையா? இருக்கிறது. தகுதியான வீரர்கள் டேராடூனில் உள்ள ஆர்மி கேடட் கல்லூரி வழியாக அதிகாரி ஆகலாம். ஓய்வு பெறும் கட்டத்தில் சில ஜே.சி.ஓ.க்களுக்கு கௌரவ லெப்டினன்ட், கௌரவ கேப்டன் பதவி கிடைக்கும். கார்கிலில் பரம்வீர் சக்ரா பெற்ற கிரனேடியர் யோகேந்திர சிங் யாதவ், கௌரவ கேப்டனாகத்தான் ஓய்வு பெற்றார்.

இதற்கிடையே 2022-ல் அக்னிபாத் வந்தது. 4 வருஷம் முடிந்ததும் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரம். ஒரு சிப்பாய் நாயிப் சுபேதாராக பல வருஷ சர்வீஸ் வேண்டும். நாளைய சுபேதார்களை இனி இந்தக் கால் பங்கிலிருந்துதான் ராணுவம் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.