சிங்கம் வாழாத நாட்டில் ஆடிய சிங்கம்

உச்சமுனையிலிருந்து படகேறிக் கற்பிட்டிக்கு வருவோர் அவ்வூரிற் காணும் பழங்கட்டடங்களுள் தலையாயது ஒல்லாந்தர் கோட்டை. 1667 ஆம் ஆண்டுக்கும் 1676 ஆம் ஆண்டுக்கும் இடையில் அது எழுப்பப்பட்டது. அதனைக் கட்டிய வணிகக் கம்பனிக்கே, கிழக்கே நெடுந்தொலைவில், யப்பானின் நாகசாக்கித் துறையிலுள்ள தெசிமா என்னுஞ் சிறு தீவும் 1641 முதல் வணிகத் தளமாக இருந்தது. 1663 இல் அக்கம்பனியார் யப்பானிய ஆட்சித் தலைவருக்குக் காணிக்கையாக அளித்த பொருள்களுள் யோன்ஸ்தன் என்பார் இயற்றிய விலங்கு நூலொன்றும் இருந்தது. சிங்கத்தின் உருவத்தை மேனாட்டு முறையில் தெளிவாகக் காட்டும் செப்புத்தகட்டுப் படங்கள் அதில் இருந்தன. அரை நூற்றாண்டுக் காலம் அந்நூலைக் கவனிப்பாரில்லை. பின்னர், 18 ஆம் நூற்றாண்டில், சோ ஷிசெகி என்னும் ஓவியர் அச்சிங்கத்தைப் பார்த்து எழுதினார். ஆயினும் யப்பானிய மக்கள் தாம் போற்றிவந்த பழைய சிங்கத்தைக் கைவிட்டாரல்லர். அவர்களுடைய சிங்கம் காட்டிலிருந்து வந்ததன்று, கூத்திலிருந்து வந்தது.

யப்பானின் காடுகளிற் சிங்கம் இல்லை. கொடியிலே சிங்கத்தைத் தாங்கிய நம் இலங்கையின் காடுகளிலும் இல்லை. புத்த சமயத்தோடு சிங்கத்தின் உருவமும் சீனம், கொரியா வழியாக யப்பானை அடைந்தது. 612 ஆம் ஆண்டில் கொரியாவின் பெக்சே நாட்டிலிருந்து வந்த மிமாஜி என்பார் கிகாக்கு என்னும் முகமூடிக் கூத்தை அங்கே கற்பித்தார் என யப்பானியரின் பழைய வரலாற்று நூல் கூறும். அக்கூத்தின் பாத்திரங்களுள் ஒன்று சிங்கம். 752 இல் நாரா நகரத்துப் பெரிய புத்தர் படிமத்துக்குக் கண் திறக்கும் சடங்கு நடந்தபோது, தூரிகை ஏந்திக் கண்ணெழுதியவர் பாரத நாட்டிலிருந்து சென்ற போதிசேனர் என்னும் துறவி. அவ்விழாவில் அணிந்தாடிய முகமூடிகள் பல அந்நகரத்துக் கருவூலத்தில் இன்றும் பேணப்படுகின்றன.

சிங்க ஆட்டத்துக்கு ஒரு கதை அமைந்தது, நோ என்னும் பழைய நாடக வகையில் வரும் ஷக்கியோ என்ற நாடகத்தினாலேயாம். ஷக்கியோ என்றால் கற்பாலம். ஜகுஷோ என்னும் துறவி சீனத்து மலையொன்றில் அப்பாலத்தின் முன் வந்து நிற்கின்றார். அப்பாலோ ஓரடி அகலமும் இல்லாதது. பாசி படர்ந்து வழுக்குவது. கீழே ஆழங் காணவொண்ணாத பள்ளத்தாக்கு. மறுகரை மஞ்சுசிறீ போதிசத்துவரின் தூய நாடு. துறவி பாலத்தைக் கடக்கவில்லை. அவர் காத்திருக்க, போதிசத்துவரின் ஊர்தியாகிய சிங்கம் தோன்றிப் பியோனி மலர்களின் நடுவே களித்தாடுகின்றது. நாடகம் அவ்வாட்டத்தோடு முடிகின்றது. மலருக்கும் சிங்கத்துக்கும் என்ன உறவு என்று கேட்பாருக்கு மக்கள் வேறொரு கதை சொல்வர். விலங்கரசனாகிய சிங்கம் அஞ்சுவது தன் உடலினுள்ளே தோன்றும் புழுவொன்றையே. பியோனி மலரின் பனித்துளி அப்புழுவைக் கொல்லுமாதலின், சிங்கம் இரவில் அம்மலரடியில் துயில்கின்றதாம்.

கபுக்கி என்னும் மக்கள் நாடகம் இக்கதையைத் தனதாக்கிக்கொண்டது. 18 ஆம் நூற்றாண்டில், பெண் வேடம் பூணும் ஆடவரே இவ்வாட்டத்தில் பெயர் பெற்றனர். கத்சுகாவா ஷுன்ஷோ முதலிய ஓவியர்கள் அவர்களை எழுத, மரக்கட்டையில் அச்சிட்ட அப்படங்கள் எளியோரும் வாங்கத்தக்க விலைக்கு விற்றன. 1861 இல் தோன்றிய ரென்ஜிஷி என்னும் ஆட்டத்திலோ சிங்கங்கள் இரண்டு. வெண்சடை பூண்டது தந்தை. செஞ்சடை பூண்டது மகன். தந்தைச் சிங்கம் தன் குட்டியின் திறனை அறியும்பொருட்டு அதனை மலையிடுக்கில் தள்ளிவிட்டு, அது ஏறி வருகின்றதா என்று மேலிருந்து பார்க்கின்றது. குட்டி ஏறி வந்தபின் இருவரும் நிலந்தோயும் நீண்ட சடையைச் சுழற்றி ஆடுவர். இவ்விரு வேடங்களையும் மெய்யாகவே தந்தையும் மகனுமாகிய நடிகர் பூணும் வழக்கம் உண்டு. அப்போது மகன் தேறுவானோ என்ற கவலை கதையோடு நில்லாது அவையோரையும் பற்றிக்கொள்ளும். நாட்டுக்கூத்து வழிவழியாக ஆடப்படும் நம் கரையோரத்தார் இதனை எளிதில் உணர்வர்.

படத்திலிருந்த சிங்கம் உடலில் ஏறியது 19 ஆம் நூற்றாண்டில். 1827 ஆம் ஆண்டளவில் குனியோஷி என்னும் ஓவியர், நீர்க்கரை வீரர் நூற்றெண்மரின் சீனக் கதையைத் தொடர் படங்களாக எழுதத் தொடங்கினார். மூலக்கதையில் உடலிற் படம் பொறித்தவர் ஒருசிலரே; குனியோஷி இன்னும் பலருடைய முதுகிலும் தோளிலும் படங்களை நிரப்பினார். என்செய் என்னும் வீரனுக்கு அவர் தீட்டியவை சிங்கமும் பியோனி மலரும். படங்களைக் கண்டவர்கள், சிறப்பாக எதோ நகரத்துத் தீயணைப்போரும் கைவினைஞரும் சுமை தூக்குவோரும், அவற்றைத் தம் முதுகிலும் கேட்டனர். மரக்கட்டையிற் படம் செதுக்குபவனுக்கும் தோலில் ஊசி குத்துபவனுக்கும் யப்பானிய மொழியில் பெயர் ஒன்றே: ஹொரிஷி, செதுக்குவோன் என்பது பொருள். கருமை தோலுக்குக் கீழே சென்றதும் நீலம் கலந்த பச்சையாகத் தோன்றும். நம்மவர் அதனைப் பச்சை குத்துதல் என்றது எத்துணைப் பொருத்தம்!

மேடையும் உடனே இதனைத் திருப்பி எடுத்துக்கொண்டது. பச்சை குத்திய முரடர்களைக் கபுக்கி நடிகர் நடித்தபோது, படமெழுதிய மெல்லிய உடையைத் தோலோடு ஒட்ட அணிந்தனர். நாடகம் முடிந்ததும் நடிகன் அதைக் கழற்றிவிடலாம், சடைமுடியையும் கழற்றிவிடலாம். முதுகிற் சிங்கத்தை உண்மையாகக் குத்திக்கொண்ட தொழிலாளிக்கு அது முடியாது. ஊசியின் நோவைப் பல மாதம் பொறுத்துப் பெற்ற அவனுடைய சிங்கம் அவனோடு மூத்து, அவனோடு மாண்டது.

1872 இல் புதிய அரசு பச்சை குத்துதலைத் தடைசெய்தது. மேனாட்டார் தம்மை நாகரிகமற்றவர் எனக் கருதுவர் என்ற அச்சமே அதற்குப் பெருங்காரணம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1881 இல் யப்பானுக்குப் போர்க்கப்பலில் வந்த ஆங்கில இளவரசர் ஒருவர் தம் கையில் நாகப்பாம்பு போன்ற பறவைநாகம் ஒன்றைக் குத்திக்கொண்டு சென்றார். 1882 இல் அதே கப்பலில் இலங்கைக்கும் வந்துபோன அவர்தாம் பிற்காலத்து ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர். எவருடைய இகழ்ச்சிக்கு அஞ்சி அரசு கலைஞனை மறைந்து வாழச் செய்ததோ, அவர்களே அவனைத் தேடி வந்தனர். தடை நீங்கியது 1948 இலேதான். இடைப்பட்ட காலத்தில் புகுஷி மசாயிச்சி என்னும் மருத்துவப் பேராசிரியர், பச்சை குத்தியவர்கள் இறந்தபின் அவர்களுடைய தோலை இசைவு பெற்றுப் பதப்படுத்திச் சேர்த்தார். கேட்கச் சற்றே நடுங்கினாலும், அவ்வோவியங்கள் மண்ணோடு போகாமற் காக்க வேறு வழி அன்று இருக்கவில்லை.

மேடைச் சிங்கத்துக்கும் இதே இடர் உண்டு. 1893 இல் ஒன்பதாம் தஞ்ஜூரோ ககாமிஜிஷி என்னும் ஆட்டத்தை அரங்கேற்றினார். அரண்மனைப் பணிப்பெண் ஒருத்தி மரத்தாலான சிங்க முகத்தைக் கையிலெடுத்து ஆட, அம்முகம் அவளை இழுத்துச் செல்கின்றது. பின்னர் அதே நடிகர் வெண்சடைச் சிங்கமாக மீள்கின்றார். அவருக்குப் பின் இதிற் புகழ் பெற்றவர் ஆறாம் கிக்குகோரோ. அவருடைய ஆட்டத்தை 1935 இல் ஓசு யசுஜிரோ திரைப்படமாகப் பிடித்தார். அக்காலத்திலேயே ஹிரகுஷி தெஞ்சூ என்னும் சிற்பி அவரை மரத்திற் செதுக்க முனைந்து, நாடகசாலைக்குப் பல நாள் தொடர்ந்து சென்று வெவ்வேறு இடங்களிலிருந்து நோக்கினார். அகன்ற ஆடைக்குள்ளே உடல் எவ்வாறு நிற்கின்றது என்பது தெரியாமல் உளியெடுக்க அவர் மனம் ஒப்பவில்லை. ஆடையின்றி அதே நிலையில் நிற்குமாறு கிக்குகோரோவை வேண்டி, முதலில் அவ்வுடலை மட்டும் சிலையாக்கினார்.

போர் வந்து வேலை நின்றது. 1949 இல் கிக்குகோரோ காலமானார். சிற்பி விட்டாரல்லர். 1958 இல், தம் 86 ஆவது வயதில், ஏறக்குறைய இரண்டு மீற்றர் உயரமுள்ள சிலையை நிறந்தீட்டி முடித்தார். தோக்கியோவின் தேசிய நாடகசாலை 1966 இல் திறக்கப்பட்ட பின், அதன் முன்கூடத்தில், ஆட்டம் பார்க்க வருவோரை நோக்கியவாறு வெண்சடைச் சிங்கம் பல்லாண்டுகள் நின்றது.