கம்மி பட்ஜெட்டில் குற்றாலம் டூர்: எப்போ போகலாம், எங்கே காசு மிச்சம்?

மூணாறு, மாலத்தீவுன்னு ரீல்ஸ் பார்த்து ஏங்குபவர்கள் பலர். பர்ஸைத் திறந்தால் கனவு கலைந்துவிடும். அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு இன்றும் கைகொடுப்பது குற்றாலம்தான்.

எப்போது சீசன்?

தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. சாரலும் அப்போதுதான்.

எப்படிப் போவது?

சென்னை எழும்பூரில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால், காலையில் தென்காசி. அங்கிருந்து குற்றாலம் சுமார் 5 கி.மீ. பஸ்ஸிலேயே போயிடலாம். அரசின் சாதாரண நகரப் பேருந்து என்றால் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது.

எங்கே காசு மிச்சம்?

பேரருவி, ஐந்தருவியில் குளிக்கக் கட்டணம் இல்லை. சீசனில் வார இறுதியில் ரூம் வாடகை எகிறும். வார நாட்களில் போவது நல்லது. காலையில் வந்து இரவு ரயிலில் திரும்பினால் ரூமே தேவையில்லை. இடைப்பட்ட நேரத்தில், நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான குற்றாலம் சித்திர சபையின் சுவரோவியங்களையும், தென்காசி காசி விஸ்வநாதர் கோயிலையும் பார்த்துவிடலாம்.

எதில் கவனம் வேணும்?

கீழே வெயில் அடித்தாலும், மலையில் மழை கொட்டினால் அருவியில் திடீர் வெள்ளம் வரும். 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் இப்படி வந்த வெள்ளத்தில் 17 வயது சிறுவன் உயிரிழந்தான். தண்ணீர் கலங்கலாக மாறினாலோ, போலீசார் எச்சரித்தாலோ உடனே வெளியே வந்துடணும்.

வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். சிறுகச் சிறுகச் சேர்த்த காசு வீணாகாமல் இருக்க, கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துட்டு கிளம்புங்க.