கெடா தமிழரின் ஈய எழுத்து அழைப்பிதழ்

ஈய எழுத்து அழைப்பிதழ் என்பது உலோகத்தில் வார்த்த தனித்தனி எழுத்துகளைக் கையால் கோத்து, மை தடவி, அட்டையின்மேல் அழுத்தி எடுத்த பத்திரிகை. திருமணம், காதணி விழா, புதுமனை புகுவிழா, கருமக்கிரியை ஆகியவற்றுக்கான பத்திரிகைகளும், கடைக்காரர் முதல் மருத்துவர் வரை வைத்திருந்த பெயரட்டைகளும் ஒரு காலத்தில் இப்படித்தான் அச்சாயின. ஆப்செட்டும் பின்னர்க் கணினியும் இம்முறையை ஓரங்கட்டின. இப்போது தடித்த பருத்தித் தாளில் எழுத்து ஆழமாகப் பதிந்த அட்டைகளாக, விலை உயர்ந்த பொருளாக அது திரும்பி வந்திருக்கிறது. மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய், பீடோங், அலோர் ஸ்டார் ஆகிய ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வேர்விட்ட தமிழருக்கு இந்த மீள்வரவில் கொள்ளத்தக்கது எது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. அட்டையில் விழும் பள்ளம் அன்று. ஆட்பெயரையும் ஊர்ப்பெயரையும் நாளையும் தமிழில் பிழையற நிறுத்திய கோர்வையின் ஒழுங்கே என்பது இங்கு நிறுவப்படுகிறது.

அச்சு முறை

அச்செழுத்து ஈயம், வெள்ளீயம், ஆன்டிமணி ஆகிய மூன்றின் கலவை. ஈயம் எளிதில் உருகும். ஆன்டிமணி அதற்குக் கடினத்தைத் தந்து, ஆறும்போது சுருங்காமல் காக்கும். ஆங்கிலேய அளவைப் பின்பற்றிய அச்சகங்களில் எல்லா எழுத்தும் 0.918 அங்குல உயரம். உயரம் இம்மி பிசகினாலும் ஓரெழுத்து மங்கும், பக்கத்து எழுத்து தாளைக் குத்தும். ஆங்கிலத்துக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்துமாக 52 இருந்தால் போதும். தமிழுக்கு உயிரும் ஆய்தமும் 13, அகர மெய் 18, புள்ளி மெய் 18, இகர ஈகர உகர ஊகர வரிசைகள் 72, தனிக்குறிகள் 4 என ஏறத்தாழ 125 அறைகள் வேண்டும். கிரந்த எழுத்துகளையும் எண்களையும் சேர்த்தால் 150-ஐத் தாண்டும். கம்பாசிட்டர் இவற்றை வலப்பக்கம் இடமாகத் திரும்பிய வடிவிலேயே படித்து, கோர்ப்புக் கட்டையில் ஒவ்வொன்றாக அடுக்குவார். ஒரு வரியை நடுவில் நிறுத்த, இருபுறமும் சம அளவு வெற்று ஈயத்தை இடுவார். இரண்டு வண்ணம் வேண்டுமென்றால் ஒவ்வோர் அட்டையும் இரண்டு முறை இயந்திரத்துக்குள் போக வேண்டும். 500 அட்டைக்கு 1,000 அழுத்தம். சிறு அச்சகங்களின் கருவி காலால் மிதித்து ஓட்டும் டிரெடில். வசதியுள்ளவை வைத்திருந்தது தானே தாளெடுத்து மணிக்கு ஏறத்தாழ 5,000 படி அடிக்கும் ஹைடல்பர்க் பிளேட்டன். அந்த இயந்திரத்தின் உற்பத்தி 1985-இல் நின்றுபோனது.

வரலாற்றில் இதன் இடம்

தமிழ் அச்சின் வரலாறு பெரும்பாலும் நூல்களாலும் இதழ்களாலும் சொல்லப்படுகிறது. 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், 1713 அளவில் தரங்கம்பாடியில் இயங்கத் தொடங்கிய சீகன்பால்குவின் அச்சகம் என்று தொடங்கும் அந்த வரிசை, மலாயாப் பக்கம் வரும்போது 1887-இல் சிங்கப்பூரில் தோன்றிய சிங்கை நேசன், 1924-இல் கோலாலம்பூரில் தொடங்கி 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் என்று நீளும். கெடாவுக்கு அருகிலுள்ள பினாங்கில் 1806 முதலே ஆங்கில இதழ் அச்சாகியிருக்கிறது. 1909-இல் சயாமிடமிருந்து பிரிட்டிஷ் மேலாண்மைக்குக் கெடா மாறியது. 1915-இல் ரயில் பாதை அலோர் ஸ்டாரை எட்டியது. ரப்பர் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் வழி ஆள்சேர்க்கும் முறையில் வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் தோட்டத்து வரிசைக் குடியிருப்புகளான லயத்து வீடுகளில் குடும்பமாக நிலைத்தார்கள். நூல், இதழ் என்று நீளும் அந்த வரிசையில் அழைப்பிதழ், பெயரட்டை போன்ற சில்லறை அச்சுக்கு இடமே இல்லை. நாளிதழ் தோட்டத்து வாசலுக்கு வந்து, படித்து முடித்தபின் பலகாரம் மடிக்கவும் போய்விடும். ஒரு தோட்டத் தொழிலாளியின் பெயர் அச்செழுத்தில் ஏறும் வாய்ப்பு பெரும்பாலும் அவர் வீட்டுக் கல்யாணத்தில்தான் கிடைத்தது. அதனால் இச்சமூகத்தின் அச்சு வரலாற்றை அழைப்பிதழை விட்டுவிட்டு எழுத முடியாது.

சொல்லமைப்பும் நின்ற கோர்வையும்

பழைய திருமண அழைப்பிதழின் அமைப்பு எவருக்கும் மனப்பாடம். உச்சியில் பிள்ளையார் சுழி. அதன்கீழ் குலதெய்வத்தின் பெயரோடு 'துணை'. அப்புறம் தமிழ் ஆண்டு, மாதம், நாள், நட்சத்திரம், முகூர்த்த நேரம். நடுவில் பெரிய எழுத்தில் மணமக்கள் பெயர். கீழே வரவை நாடும் பெற்றோர், அவர்களுடைய முகவரி. எல்லாப் பத்திரிகையும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருப்பதை மரபின் மீதுள்ள பற்று என்று மட்டும் விளக்கிவிட முடியாது. ஒருமுறை கோத்த பக்கத்தைக் கலைத்து 150 அறைகளிலும் எழுத்தைத் திருப்பிப் போடுவது நேரம் பிடிக்கும் வேலை. ஆகையால் அடிக்கடி வரும் வாசகத்தைக் கட்டியபடியே வைத்துக்கொண்டு, பெயரையும் நாளையும் இடத்தையும் மட்டும் மாற்றுவது உலகெங்கும் சில்லறை அச்சகங்களின் வழக்கம். விநாயகர் படமும் குத்துவிளக்கும் பிளாக்குகளாக அலமாரியில் காத்திருக்கும். இதன் விளைவு கவனிக்கத்தக்கது. வாசகம் நிலையாக நிற்க, குடும்பத்தின் கண் முழுவதும் மாறும் பகுதிமேல், அதாவது பெயர்மேலும் ஊர்மேலும், குவிந்தது. புரூப் பார்க்க வருபவர் முகமன் வரிகளைப் படிப்பதில்லை. தாய்மாமன் பெயர் சரியாக வந்திருக்கிறதா என்றே தேடுவார்.

ஊர்ப்பெயரும் ஆட்பெயரும்

கெடாவின் ஊர்ப்பெயர்கள் தமிழ் எழுத்துப் பெட்டிக்குத் தனிச் சோதனை வைப்பவை. 'சுங்கை' மலாயில் ஆறு, 'பெத்தானி' உழவர். தமிழ் நாவில் அது சுங்கைப் பட்டாணி ஆகிவிட்டது. இடையில் ப் இட்டும் இடாமலும் இன்றும் எழுதுகிறார்கள். பீடோங், பாடாங் செராய், செமிலிங் என்று வரிசையாகக் கோத்தால், தமிழ்நாட்டு உரைநடையில் ககரத்தின் முன்னரே பெரிதும் வரும் ங் இங்கே சொல்லின் ஈற்றிலும் தொடர்ந்து தேவைப்படும். 'ஜாலான்' என்று தெருப்பெயர் தொடங்கும்போதெல்லாம் ஜா வேண்டும். லூனாஸ், ஹார்வர்ட், ஹென்ரியட்டா என்றால் ஸும் ஹாவும் ஹெவும் வேண்டும். தமிழ் உரைநடைக்கு ஏற்றபடி எண்ணி நிரப்பிய பெட்டியில் இவைதாம் முதலில் தீரும். அடுத்தது பிரிவு. பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டம் பிரிவு பிரிவாக அமைந்தது; ஒன்று, இரண்டு, மூன்றாம் பிரிவுகளின் பெயரில் தமிழ்ப்பள்ளிகள் தனித்தனியே உண்டு. உறவினர் வந்து சேர வேண்டுமானால் 'ஹார்வர்ட் தோட்டம்' போதாது. எந்த டிவிசன் என்பதும் அட்டையில் இருக்க வேண்டும். ஆட்பெயரின் நிலையும் இதுவே. 1948 முதல் வழங்கிய அடையாள அட்டையில் பெயர் உரோமன் எழுத்தில். எழுத்துக் கூட்டியவர் காதில் விழுந்தபடி ஒரே குடும்பத்தில் மூன்று வகையாகவும் அமையலாம். தந்தை பெயருக்கு முன்னே அங்கே நிற்பது மலாய்ச் சுருக்கமான 'அ/லெ', 'அ/பெ'. அழைப்பிதழிலோ அதே பெயர் குடும்பம் கூப்பிடும் ஒலியில், அவர்கள் திருத்திக் கொடுத்த எழுத்தில் நிற்கும். ழகரம் ழகரமாகவே இருக்கும் இடம் அது.

காலம் காட்டும் எழுத்து

நாள் கிழிந்துபோன அழைப்பிதழையும் எழுத்து வடிவத்தால் ஓரளவு காலம் கணிக்கலாம். பெரியார் 1935 முதல் குடி அரசில் கையாண்ட சீர்திருத்த எழுத்தை 1978-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்றபோது 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அவற்றுள் ணையும் லையும் உண்டு. 'துணை' இல்லாத பழைய பத்திரிகை அரிது. நேரத்தைச் சொல்ல 'காலை' அல்லது 'மாலை' வந்தே தீரும். அண்ணாமலை என்ற பெயர் வந்தால் ணா, லை இரண்டும் ஒரே சொல்லில் அகப்படும். கொம்புக்குப் பதில் எழுத்தின் தலையில் சுழித்து மேலே ஏறும் பழைய லை இருந்தால், அட்டை சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்துப் பெட்டியில் பிறந்தது. அரசாணையால் ஈயம் உருகிவிடாது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். பழைய எழுத்தை வாங்கி வைத்திருக்கும் அச்சகம் அது தேயும்வரை பயன்படுத்தும். ஆகவே பழைய வடிவம் பெட்டியின் வயதைத்தான் உறுதியாகச் சொல்லும். அட்டையின் வயதை அது தோராயமாகவே காட்டும்.

மறுப்புகளும் விடைகளும்

தோட்டத்தில் அழைப்பு என்பது நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்வது, அச்சடித்த அட்டை வெறும் ஒப்புக்கு என்பது முதல் மறுப்பு. லயத்துக்குள் அது உண்மையே. ஆனால் 1950-களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது குடும்பங்கள் சிதறின. 1960-இல் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தன் முதல் தோட்டமாகக் கெடாவின் புக்கிட் சீடிமை வாங்கியதே இந்தச் சிதறலுக்கு எதிர்வினைதான். அண்ணன் ஒரு தோட்டத்திலும் தங்கை பினாங்கிலும் இருக்கும்போது வெற்றிலையின் வேலையை அஞ்சலில் போகும் அட்டையே செய்தது. சட்ட நிலையும் நோக்கத்தக்கது. முஸ்லிம் அல்லாதாரின் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய 1976-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1-இல். அதற்கு முன் கோவிலிலோ வீட்டு வாசலிலோ வழக்கப்படி கட்டிய தாலியே போதும். பதிவுத் தாள் இல்லாத அப்படிப்பட்ட திருமணங்களில், யாருக்கும் யாருக்கும், எந்த நாளில், எந்த இடத்தில் என்பதை எழுத்தில் சொல்லி எஞ்சியிருப்பது பெரும்பாலும் இந்த அட்டைதான்.

பழைய அட்டைகளில் பிழை மலிந்திருக்கும், அவற்றை ஒழுங்கின் சான்றாகக் காட்டலாமா என்பது இரண்டாவது. தலைகீழாக நிற்கும் எழுத்தும், ரகரத்துக்கு றகரமும், எழுத்து தீர்ந்ததால் வேறு அளவிலிருந்து இரவல் வாங்கிய ஒற்றை ஹாவும் இவ்வகை அச்சுக்கு உடன்பிறந்தவை. எனினும் கோர்வையில் பிழை தற்செயலானது, திருத்தம் முயன்று செய்வது. ஒவ்வோர் எழுத்தும் ஒருவர் விரல் வழியாகப் போயிருக்கிறது. முந்தைய கல்யாணத்தின் கோப்பைத் திறந்து பெயரை மாற்றும் கணினி வேலையில் பிழை குறைவு என்று தோன்றலாம். ஆனால் எழுத்துரு மாற்றத்தில் கொம்பு இடம் மாறி நிற்கும் தமிழ் அட்டை எல்லாரும் பார்த்ததே. வேகமான கருவியில் கவனமாகப் படிக்க வேண்டிய கட்டாயம் குறைந்துவிடுகிறது.

இதையெல்லாம் டிஜிட்டல் அச்சிலேயே செய்யலாமே, ஏன் பழைய இயந்திரம் என்பது மூன்றாவது. மூன்றிலும் வலுவானது இதுதான். கவனம் இருந்தால் எந்தக் கருவியிலும் நல்ல அட்டை வரும் என்பதை மறுக்க இயலாது. கைபேசியில் அனுப்பும் அழைப்பு செலவின்றி ஆயிரம் பேரைச் சேரும். ஈய எழுத்து அச்சு அவசியம் என்று இக்கட்டுரை கூறவில்லை. செலவும் நேரமும் பிடிக்கும் அம்முறையை ஒருவர் தேர்ந்துகொண்டால், அந்தச் செலவு எதை நோக்கிப் போக வேண்டும் என்பதே இங்கு வாதம். ஆழப் பதிவை மெச்சுவது புதிய சுவை. பழைய தொழிலாளர் தாளை முத்தமிடுவதுபோல் மெல்லத் தொட்டு மையை இறக்குவதையே திறமையாகக் கொண்டார்கள். பின்புறம் புடைத்த அட்டை அவர்களுக்குக் குறை. எழுத்தின் ஆயுளைத் தின்னும் வீண்செலவு. பள்ளத்தை மரபு என்று விற்பது மரபை அறியாமை.

இன்றைய வடிவமைப்பு

இப்போது ஈயம் கோர்ப்பது அரிது. கணினியில் வரைந்த பக்கத்தைப் பாலிமர் தகடாக்கி அதே பழைய இயந்திரத்தில் பூட்டுகிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் 2012-இல் தொடங்கிய தி அல்பபெட் பிரஸ் பழைய இயந்திரங்களைக் கொண்டே புதிய அட்டைகளை அச்சிடும் மலேசிய முயற்சி. தமிழ் எழுத்துருவுக்கும் வெளியே தேட வேண்டியதில்லை. முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். அவர் வரைந்த இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளோடேயே வருகிறது. ஆனால் திரைக்கு வரைந்த எழுத்தை அழுத்தத்துக்கு அப்படியே அனுப்பக் கூடாது. பாலிமர் தகட்டைக் கழுவும்போது துணையின்றித் தனித்து நிற்கும் சிறு புள்ளி உதிர்ந்துபோகும். தமிழில் அது அலங்காரப் புள்ளி அன்று: 'பாடாங்' புள்ளி இழந்தால் 'பாடாங' ஆகிவிடும். ஆழமாக அழுத்தினால் ண, ஞ, இ ஆகியவற்றின் சுழிகளுக்குள் மை அடைத்துக்கொள்ளும். எனவே மலேசியாவில் வழங்கும் 90 மி.மீ.க்கு 54 மி.மீ. பெயரட்டையில் உரோமன் எழுத்தை 7 பாயிண்டில் வைப்பவர், தமிழை அதற்கு மேலாக, சுழி திறந்த வடிவில், புள்ளி பருத்த எழுத்துருவில் வைக்க வேண்டும்; அழுத்தத்தையும் குறைக்க வேண்டும். மும்மொழியும் ஒரே பக்கத்தில் நெரிந்தால் மூன்றும் கெடும். பெயரட்டைக்கு இரு பக்கம் உண்டு. அழைப்பிதழுக்கு மடிப்பும் உண்டு. தாள் வாங்கும் முன் மஞ்சள் தடவிப் பார்ப்பதும் நல்லது. பருத்தித் தாள் ஈரத்தை வேகமாக உறிஞ்சும். மூலையில் வைத்த மஞ்சள் முகூர்த்த நேரம்வரை ஊறிப் பரவினால் பழி அச்சகத்துக்கு.

வாசகத்தில் மாற்றம் செய்ய விரும்புவோர் நிலையான முகமன் வரிகளைத் தாராளமாகச் சுருக்கலாம். அவை கலைத்துக் கோர்க்கும் வேலையை மிச்சப்படுத்த நின்றவை. பெயரையும் இடத்தையும் சுருக்கக் கூடாது. தோட்டத்தை விட்டுத் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் அழைப்பிதழில் இன்று வீட்டு எண்ணும் ஜாலானும்தான் இருக்கின்றன. பெற்றோர் பெயரின்கீழ் சிற்றெழுத்தில் 'ஹார்வர்ட் தோட்டம், 3-ஆம் பிரிவு' என்று ஒரு வரி சேர்க்கத் தகட்டின் விலை கூடாது. புரூப் பார்க்கும்போது அந்த வரியின் ஹாவையும் ர்-இன் புள்ளியையும் சரிபார்த்துவிட்டால் போதும்.